சின்னவள் படகில் ஓட்டை இல்லை

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, பெரிய மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இனி முடியாது. இங்கே நானும் உங்கள் பெரிய மகளும் உடம்பளவில் நலம். அங்கே உங்கள் முழங்காலும் அத்தையின் இரத்த அழுத்தமும் அடங்கி ஒடுங்கி இருக்கும் என்று நம்புகிறேன். நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

சின்னவளும் சின்ன மாப்பிள்ளையும் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கியிருக்கிறார்கள், அதை ஆள் வைக்காமல் தங்கள் கையாலேயே செப்பனிடப் போகிறார்கள், பிறகு வேலைக்கு நீண்ட விடுப்பு போட்டுவிட்டுக் கடல் கடலாகச் சுற்றப் போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியவந்த அன்று நீங்கள் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டது நினைவிருக்கும். "இன்சூரன்ஸ் கம்பெனியில சேதம் மதிப்பிடற ஆளு நீங்க. உங்க கண்ணுக்குத் தப்பற ஓட்டை கிடையாது மாப்ளே. கூடவே இருந்து பாருங்க. இது தேறாதுன்னு ரெண்டு வரி எழுதி அனுப்புங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். தொலைபேசியை வைத்த பிறகு வெகுநேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நீங்கள் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. விருந்தாளிகளிடம் நீங்கள் எங்களை அறிமுகப்படுத்தும் முறை எனக்கு மனப்பாடம். "இவர் சின்ன மாப்பிள்ளை, பல் டாக்டர், பெரிய கைராசிக்காரர்" என்பீர்கள். அடுத்து என் பக்கம் திரும்பி, கொஞ்சம் யோசித்து, "இவர் பெரியவளோட வீட்டுக்காரர்" என்பீர்கள். எனக்கும் ஒரு தொழில் உண்டு, இரண்டு பட்டங்கள் உண்டு என்பதை எந்த விருந்தாளியும் இதுவரை அறிந்ததில்லை. பல் டாக்டருக்கு உங்கள் வீட்டில் கைவைத்த நாற்காலி; எனக்கு எப்போதும் ஜன்னலோர ஸ்டூல். இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்பவன் இல்லை. சும்மா ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். ஆக, அந்தப் படகின் புண்ணியத்தில் கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக நான் உங்கள் நல்ல மாப்பிள்ளை ஆனேன். அந்தப் பதவியை நான் எவ்வளவு ரசித்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது அது போய்விடும் என்பதையும் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

படகுப் பட்டறை எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. வேவு பார்க்க வசதியாக இருக்கும் என்று நானாகவே அவர்களுக்கு மாடி அறையைக் கொடுத்தேன். அன்றோடு என் வீடு என்னுடையதாக இல்லாமல் போயிற்று. முதலில் பாய் வந்தது. பாய் என்றால் நாம் படுக்கிற பாயைப் போலச் சுருட்டி மூலையில் வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். அதை விரித்தபோது கூடத்தில் தொடங்கி, சாப்பாட்டு மேஜைக்கு அடியில் நுழைந்து, படுக்கையறைக் கட்டில் மேல் ஏறி நின்றது. வெயில் பட்டு நைந்துபோன ஓரத்தைப் பிரித்துவிட்டுப் புதுத் துணி வைத்துத் தைக்க வேண்டுமாம். சின்னவள் தையல் மெஷினைத் தரையில் வைத்து ஓட்ட, உங்கள் பெரிய மகள் மண்டி போட்டுத் துணியைத் தள்ள, நான் குளியலறைக்குப் போகச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நடந்தேன். அப்போதும், "அத்தான், செருப்பக் கழட்டிட்டுப் போங்க" என்று குரல் வந்தது. பிறகு பாய்மரம். அது பக்கச் சந்தில் முக்காலிகள் மேல் படுத்திருந்தது. நுனி எங்கள் சமையலறை ஜன்னலுக்குள் நுழைந்து அடுப்பை எட்டிப் பார்த்தது. உங்கள் பெரிய மகள் அதில் கைத்துணி காயப்போடப் பழகிவிட்டாள். இப்போது அது போன பிறகு, துணி காயப்போட இடமில்லை என்று என்னிடம் குறைப்படுகிறாள். குளிர் வந்ததும் எபாக்சிப் பசை இறுகிப்போய் ஓட மறுக்கிறது என்று டப்பாக்களை என் கம்பளியில் சுற்றி வைத்தார்கள். பசை கம்பளிக்குள் தூங்கியது. நான் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கினேன்.

கழிப்பறைத் தொட்டி வந்த கதையைச் சொல்லவே கை கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். படகில் இருப்பது கையால் பம்ப் அடிக்கிற கழிப்பறை. அதன் ரப்பர் வளையங்களையெல்லாம் மாற்றிவிட்டு, ஒரு பலகையில் திருகி, எங்கள் கூடத்தின் நடுவே வைத்து, இரண்டு பக்கமும் வாளி வைத்து, தண்ணீரில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்து சோதித்துக்கொண்டிருந்தார் உங்கள் சின்ன மாப்பிள்ளை. அந்த நேரம் பார்த்து என் மேலதிகாரி வீட்டுக்கு வந்தார். யார் தெரியுமா? எனக்கு வர வேண்டிய பதவியில் வந்து உட்கார்ந்தாரே, அவரேதான். ஏதோ கோப்பில் கையெழுத்து வேண்டுமாம். நான் வெட்கத்தில் ஒடுங்கிக்கொண்டிருக்க, அவர் கோப்பைச் சோபாவில் போட்டுவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பம்ப் அடிக்க உட்கார்ந்துவிட்டார். "சார், மெதுவா, ஒரே சீரா அடிங்க. கொஞ்சம் கூச்சமா இருக்கும்" என்று பல் டாக்டர் பழக்க தோஷத்தில் சொன்னார். பொழுது சாயும் வரை அவர்கள் நீலத் தண்ணீரை இந்த வாளியிலிருந்து அந்த வாளிக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அலுவலகம் முழுவதும் பேச்சு, "அவர் வீட்ல என்னமா ஒரு டாய்லெட் வச்சிருக்காங்க" என்று. எத்தனை வருஷமாக எத்தனை அறிக்கைகள் எழுதியிருக்கிறேன், ஒன்றைப் பற்றியாவது பேசியிருப்பார்களா?

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன் என்றால், பட்டறையில் எனக்கு ஓட்டை கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் காரணம். படகின் மேல்தளம் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே லேசான மரத்தை வைத்து ஒட்டியது. பழைய திருகு ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் இறங்கி, உள்ளே மரம் ஊறிக் கூழாகியிருந்தது. உங்கள் சின்ன மாப்பிள்ளை தன் மருத்துவமனையிலிருந்து பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியை எடுத்துவந்து, அதன் காம்பால் தளத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். கெட்டியான இடம் டக்கென்றது. சொத்தை இடம் தொப்பென்றது. "இங்க வலிக்குதா?" என்று படகைக் கேட்டதை நான் என் காதால் கேட்டேன். பிறகு மேல் தகட்டை வெட்டித் திறந்து, கெட்டதை ஒரு நார் விடாமல் நோண்டி எடுத்து, காயவைத்து, புது மரம் பதித்து அடைத்தார். அவர் எழுந்து போன பிறகு நான் ஒரு ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் கொண்டு அதே இடங்களை ரகசியமாகத் தட்டினேன். எல்லா இடமும் டக், டக். என் கடைவாய்ப் பல்லை இவர் அடைத்துவிட்டு, நான் போட்ட கூச்சலை உங்கள் வீட்டு விருந்தில் நடித்துக் காட்டினாரே, அதை நான் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பல்லும் இன்றுவரை அசையவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

சரி, தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்க்கலாம் என்று காத்திருந்தேன். அதற்கும் ஒரு நாள் வந்தது. ஆள் உள்ளே படுத்துக்கொள்ள வேண்டும். வெளியே இருந்து ஜன்னல் ஜன்னலாகக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். எங்காவது சொட்டினால் உள்ளே இருப்பவன் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட வேண்டும். "அத்தான், நீங்கதான் ஒல்லி. எந்த மூலையிலும் நுழைஞ்சிடுவீங்க" என்றாள் சின்னவள். அவமானம்தான், ஆனாலும் சுண்ணாம்புக்கட்டியை வாங்கிக்கொண்டு ஆவலோடு போய்ப் படுத்தேன். தலைக்கு மேல் பேய்மழை மாதிரி தண்ணீர். நான் உள்ளே வியர்த்து விறுவிறுத்து, சொட்டு சொட்டு என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு சொட்டு என் நெற்றியிலிருந்து மூக்கு வழியாக இறங்கியது. "கிடைச்சிடுச்சு" என்று கத்தினேன். அவள் உள்ளே வந்து, அந்த ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு கரிக்குது அத்தான். குழாய்த் தண்ணி இல்ல, உங்க வேர்வை" என்று சொல்லிவிட்டுப் போனாள். சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது நான் சொல்லப்போவதை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு படியுங்கள். அந்தப் படகின் தலைவர் சின்ன மாப்பிள்ளை இல்லை, மாமா. உங்கள் சின்ன மகள். நீங்கள் தொலைபேசியில் எந்தக் கேள்வியையும் மாப்பிள்ளைகளிடம்தான் கேட்பீர்கள். பெண்களிடம் நீங்கள் கேட்பது "சாப்டியா" ஒன்றுதான். ஒரு நாள் நீங்கள், "நடுக்கடல்ல இஞ்சின் நின்னுட்டா என்ன பண்ணுவீங்க மாப்ளே?" என்று அவரிடம் கேட்டபோது நான் எதிரில் இருந்தேன். அவர் உடனே மனைவி முகத்தைப் பார்த்தார். அவள் மெல்லச் சொல்லச் சொல்ல, அவர் அதை அப்படியே உரக்கச் சொன்னார். உங்கள் காதில் விழுந்தது அவருடைய குரல், அவளுடைய பதில். நடுவில் ஒரு இடத்தில் அவருக்கு மறந்துபோய், "ஒரு நிமிஷம் மாமா, லைன் சரியில்ல" என்றார். லைன் நன்றாகத்தான் இருந்தது. உங்கள் மரியாதை கெடக் கூடாது என்று அவர்கள் இரண்டு பேரும் மாதக்கணக்கில் இப்படி நாடகம் போட, நீங்கள் என்னடாவென்றால், பல் டாக்டர் உங்கள் பெண்ணின் மனதைக் கெடுத்துக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போகிறார் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அவரா? நீச்சல் குளத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற மனிதர் அவர். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் "நீச்சல் பழகப் போறேன்" என்று அவள் பல வருஷமாகச் சொன்னதெல்லாம் பாய் கட்டப் பழகத்தான். நீச்சலும் கொஞ்சம் பழகியிருக்கிறாள்.

அவள் வேலை செய்கிற விதத்தை நீங்கள் பார்க்க வேண்டும். தான் பிரித்துப் பூட்டத் தெரியாத எந்தப் பொருளும் படகில் ஏறக் கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருக்கிறாள். அதுவும் கண்ணைக் கட்டிக்கொண்டு. கடலில் எதுவும் கெடும்போது இருட்டாகத்தான் இருக்குமாம். புருஷனின் கைக்குட்டையைக் கண்ணில் கட்டிக்கொண்டு தண்ணீர் பம்பைப் பிரிப்பாள், ஒவ்வொரு திருகையும் மடியில் வரிசையாக வைப்பாள், திரும்பப் பூட்டுவாள். படகின் அடியில் கடல் நீர் உள்ளே வருகிற ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அந்த ஓட்டைக்கு அளவாகச் சீவிய ஒரு மரக்கட்டை கயிற்றில் கட்டித் தொங்குகிறது. வால்வு உடைந்தால் கட்டையைத் தேடக் கூடாது, கை போகிற இடத்தில் கட்டை இருக்க வேண்டும் என்கிறாள். நான் அறிக்கைகளில் எழுதுகிற விபத்துகள் எல்லாவற்றையும் இவள் நடப்பதற்கு முன்னாலேயே நினைத்துப் பார்த்திருக்கிறாள். படகில் பழகியது போதாதென்று எங்கள் வீட்டுக் குழாய்களைப் பிரித்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பிரித்தாள். உங்கள் பெரிய மகளையும் கெடுத்துவிட்டாள். பாட்டில் மூடி திறக்க என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் இப்போது கண்ணை மூடிக்கொண்டு குழாய்க்கு வாஷர் மாற்றுகிறாள். என்னை இப்போதெல்லாம் யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை.

வெள்ளோட்டத்துக்கு நானே வலியப் போய் ஏறினேன். இதுதான் கடைசி வாய்ப்பு. கிளம்பும் முன் சின்னவள் என் காலடியில் ஒரு வாளியை வைத்தாள். எதற்கு என்றேன். "சும்மா இருக்கட்டும் அத்தான்" என்றாள். அந்த வாளியைப் பற்றி இதற்கு மேல் எழுதப்போவதில்லை. துறைமுக வாயை நெருங்கும்போது, ஒரு பக்கம் கற்குவியல், ஒரு பக்கம் அலை, திடீரென்று இஞ்சின் நின்றது. வாளியிலிருந்து தலையைத் தூக்கினேன். மாமா, உண்மையைச் சொல்கிறேன், அந்த நிலையிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வசமாக மாட்டினார்கள் என்று நினைத்தேன். ஆனால் யாரும் பதறவில்லை. அவள், "பாய்" என்று மட்டும் சொன்னாள். பல் டாக்டர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கயிற்றை இழுக்க, பாய் மளமளவென்று ஏறிக் காற்றை வாங்கியது. படகு சற்றே சாய்ந்து, கற்களை ஓரமாக விட்டுவிட்டு, சத்தமே இல்லாமல் வெளியே போயிற்று. கரைக்குத் திரும்பிய பிறகு, "இஞ்சின் ஏன் நின்னுது?" என்று கேட்டேன். "நான்தான் நிறுத்தினேன். அவருக்கு முன்னாடியே சொன்னா அது பரீட்சையா?" என்றாள். சின்ன மாப்பிள்ளை தன் முதுகைத் தேய்த்துக்கொண்டு, "பாஸா?" என்று கேட்டார். "பரவால்ல" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது, இத்தனை நாளும் இந்த மனிதரோடு எதற்குப் போட்டி போட்டோம் என்று எனக்கே புரியவில்லை. அவருக்குக் கடலைக் கண்டால் பயம். அவள் போகிறாள், அதனால் போகிறார். கைவைத்த நாற்காலி அவருக்குப் பொருத்தம்தான், இருக்கட்டும்.

இனி விஷயத்தின் முடிச்சுக்கு வருகிறேன். படகு தயார். தயாராகிக் கொஞ்ச நாளும் ஆகிவிட்டது. காற்று இப்போது சாதகமாக இருக்கிறது. இதை விட்டால் திசை மாறிவிடும், பிறகு அடுத்த வருஷம்தான். பள்ளிக்கூடம் இன்னொரு தடவை இப்படி விடுப்புக் கொடுக்காது. ஆனால் அவள் கிளம்பவில்லை. மாட்டியதையே கழற்றி மறுபடி மாட்டுகிறாள். போன வாரம் சமையல் அடுப்பு, அதற்குப் பிறகு நங்கூரச் சங்கிலி, நேற்று திசைகாட்டி. பல் டாக்டரைத் தனியாகப் பிடித்து என்ன சமாசாரம் என்று கேட்டேன். "அவங்க அப்பா வர்ற வரைக்கும் கழட்டிக்கிட்டேதான் இருப்பா சகல. நான் ஒண்ணும் சொல்லல" என்றார். உடனே அவளிடமே போய், "எப்பதான் கிளம்பறதா உத்தேசம்?" என்றேன். "இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு அத்தான்" என்று இஞ்சினுக்குப் பின்னால் ஒரு பலகையைத் திறந்து காட்டினாள். எல்லாக் கம்பிகளும் பூட்டி, சீட்டு ஒட்டி, அழகாக வரிசையில் இருந்தன. ஒன்று மட்டும் முனையில் டேப் சுற்றித் தனியாகத் தொங்கியது. மாட்ட அரை நிமிஷம் ஆகாது. பாய்மர உச்சியில் இருக்கிற விளக்குக்குப் போகிற கம்பியாம்.

"அத ஏன் விட்டு வச்சிருக்க?"

"சின்ன வயசுல வீட்ல ஃபியூஸ் போனா அப்பா என்னைத்தான் டார்ச் பிடிக்கச் சொல்லுவாரு. ஸ்க்ரூடிரைவரத் தொட விடமாட்டாரு. அவரு கை போற இடத்துக்கெல்லாம் வெளிச்சம் காட்டிக் காட்டித்தான் எனக்கு இதெல்லாம் வந்துச்சு. இத நான் மாட்டறேன். அப்பா வந்து டார்ச் பிடிக்கட்டும்."

"வரலைன்னா?"

அவள் பலகையை மூடிவிட்டு, இன்று சுக்கானைக் கழற்ற ஆரம்பித்திருக்கிறாள்.

மின்வாரியத்தில் ஒரு ஊருக்கே வெளிச்சம் கொடுத்தவர் நீங்கள். அவள் கூப்பிடும்போதெல்லாம் ஃபோனைப் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். அந்தப் படகு இருக்கிற பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று அத்தையிடம் சொன்னீர்களாம். நான் உங்களுக்கு உபதேசம் செய்ய வரவில்லை. எனக்கு அந்தத் தகுதி இல்லை என்று உங்கள் வீட்டு ஸ்டூலே சொல்லும். நீங்கள் கேட்ட அறிக்கையை மட்டும் தருகிறேன். மேல்தளம் தேறியது. அடிப்பாகம் தேறியது. கம்பிகள், பாய், பம்ப், வால்வு எல்லாம் தேறின. ஓட்டை தேடியே சம்பளம் வாங்குகிற எனக்கு ஒரு ஓட்டையும் கிடைக்கவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கண்ணில் பட்டது, அதையும் எழுதிவிடுகிறேன். படகின் பக்கவாட்டில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, புதிதாக ஒரு தாழ்வான படி பூட்டியிருக்கிறார்கள், கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு பிடிகம்பியோடு. அவள் எட்டி வைத்தாலே தளத்துக்குப் போய்விடுவாள், சின்ன மாப்பிள்ளையின் கால் நீளத்தைச் சொல்லவே வேண்டாம். முழங்காலை மடக்க முடியாத ஒருவருக்குத்தான் அந்தப் படி தேவை. அப்படி ஒருவர் அந்தப் படகில் போகப்போவதாக எனக்குத் தெரியவில்லை.

காலை ரயிலில் ஏறினால் மதியத்துக்குள் வந்துவிடலாம். ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். அவர்களுக்குச் சொல்ல மாட்டேன். மூக்குக்கண்ணாடியை மறக்காதீர்கள், அந்த இடம் கொஞ்சம் இருட்டு. நீங்கள் வராவிட்டால் அவள் சுக்கானுக்குப் பிறகு இஞ்சினைக் கழற்றி என் கூடத்துக்குக் கொண்டுவருவாள். அதைத் தடுக்கும் சுயநலத்தில்தான் இதை எழுதுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தைக்கு என் நமஸ்காரங்கள். மாத்திரைகளை வேளை தவறாமல் சாப்பிடச் சொல்லவும். உங்கள் ஆசி எங்கள் எல்லோருக்கும் வேண்டும். இந்த முறை எனக்குக் கொடுக்கிறதிலிருந்து எடுத்துச் சின்னவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் ஆட்சேபணை இல்லை.

பின்குறிப்பு: எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். சகலையைப் பற்றி என் கையால் இத்தனை நல்ல வார்த்தைகள் எழுதியிருக்கிறேன் என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை. ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நீங்கள் வந்து இறங்கியதும், எல்லோர் முன்னிலையிலும், இந்தப் படகு தேறாது என்றுதான் சொல்வேன். கழிப்பறையைப் பற்றி விசேஷமாகக் குறை சொல்வேன். நீங்கள் மறுத்துப் பேசக் கூடாது. அப்படி எழுதினீர்களே என்று இந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினால், இது யார் எழுதியது, எனக்குத் தெரியாதே என்பேன். கையெழுத்து இல்லாத காகிதத்துக்கு எங்கள் அலுவலகத்தில் மதிப்பு கிடையாது. உங்கள் வீட்டில் உண்டா என்பதை ரயில் வரும்போது தெரிந்துகொள்கிறேன். பேனாவை மூடிவிட்டேன். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.